எந்த வாடா நல்ல வாடா?

காயல்பட்டினத்தில் ஒரு மாலைத் தேடல்

"வாடா!" என்றால் மற்ற ஊர்களில் சின்னப் பையன் ஓடி வருவான். காயல்பட்டினத்தில் பெரியவர்களும் ஓடி வருவார்கள். அங்கே அது ஒரு பலகாரத்தின் பெயர்!

வடை வேறு, வாடா வேறு. வடைக்கு உளுந்தோ பருப்போ வேண்டும். வாடாவுக்கு அரிசி வேண்டும். அரிசி மாவுடன் தேங்காயும் வெங்காயமும் சோம்பும் சேர்த்துப் பிசைகிறார்கள். வட்டமாகத் தட்டி, நடுவில் இறால் மசாலாவோ கறி மசாலாவோ வைத்து மூடுகிறார்கள். பிறகு எண்ணெயில் பொரிக்கிறார்கள். வீட்டுக்கு வீடு பக்குவம் கொஞ்சம் மாறும். ஆனால் மேலே மொறுமொறுப்பு, உள்ளே காரம், இது மாறாது. நோன்பு மாதத்தில் மாலை நேரம் வந்துவிட்டால் கஞ்சியும் வாடாவும் இணைபிரியாத ஜோடி.

சைகோனில் ஒரு ரொட்டி

ஊருக்கு ஊர் இப்படி ஒரு தின்பண்டம் உண்டு. வியட்நாம் நாட்டில் "பான் மீ" என்று ஒரு ரொட்டி இருக்கிறது. நீள ரொட்டியைப் பிளந்து, உள்ளே இறைச்சி, ஊறுகாய்க் காய்கள், கொத்துமல்லி, மிளகாய் எல்லாம் வைத்துக் கொடுப்பார்கள். ரொட்டி, பிரெஞ்சுக்காரன் கொண்டுவந்தது. உள்ளே இருக்கும் ருசி, அந்த மண்ணுக்குச் சொந்தமானது. 1954-ல் நாடு இரண்டானபோது வடக்கிலிருந்து லட்சக்கணக்கானோர் தெற்கே போனார்கள். அப்படிப் போன ஒரு தம்பதியர் சைகோனில் 1958-ல் திறந்த "ஹோவா மா" என்ற கடை இந்த ரொட்டிக்குப் பெயர் பெற்றது. உட்கார்ந்து சாப்பிட நேரமில்லாத தொழிலாளிக்கும் மாணவனுக்கும் அது கைச் சாப்பாடு. 2011-ல் "பான் மீ" என்ற சொல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்டது!

இன்று சைகோனுக்குப் போகிறவர்கள், "எந்தக் கடை பான் மீ நல்லது?" என்று தெருத் தெருவாகத் தேடுகிறார்கள். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-ல் கட்டிய பள்ளிவாசல் அந்த நகரின் நடுவே இன்னும் இருக்கிறது. நம்மவர்கள் அங்கே வாணிபம் செய்த காலத்தின் அடையாளம் அது.

அந்த ரொட்டியைத் தேடி அவ்வளவு தூரம் போவானேன்? நம் கரையில் வாடா இருக்கிறதே! காயல்பட்டினத்து நண்பர் ஒருவர் அழைத்தார். நானும் என் மனைவியும் திருநெல்வேலியில் ரயில் ஏறினோம். திருச்செந்தூருக்கு முந்திய நிலையத்தில் இறங்கினோம்.

மூன்று வாடா

முதல் வாடாவை ஒரு பெரிய கடையில் தின்றோம். கண்ணாடிப் பெட்டி, மின்விளக்கு எல்லாம் இருந்தன. பகலிலேயே பொரித்து வைத்தது போலிருக்கிறது; ஆறிப்போய் எண்ணெய் கோத்திருந்தது. சொன்ன விலையைப் பேசாமல் கொடுத்தோம்.

இரண்டாவதை ஒரு தள்ளுவண்டியில் வாங்கினோம். நல்ல சூடு! ஆனால் மாவு அதிகம். இறால் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அங்கேயும் சொன்ன விலையைக் கொடுத்தோம்.

மூன்றாவது, நண்பர் வீட்டுத் திண்ணையில் கிடைத்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சிறுவன் தட்டில் கொண்டுவந்தான். கடித்தேன். நண்பர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "தேடல் முடிந்தது!" என்றேன்.

ஆனால் முடியவில்லை. உண்மையில் அப்போதுதான் ஆரம்பித்தது.

அடுப்படியில் கண்டது

காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு இடையே குறுகலான சந்துகள் உண்டு. "முடுக்கு" என்பார்கள். பெண்கள் பெரிய தெருவுக்கு வராமலே வீடு விட்டு வீடு போய்வரும் பாதை. நண்பரின் சகோதரி என் மனைவியை அந்த வழியாகப் பக்கத்து வீட்டு அடுப்படிக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்த மனைவி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்த ராத்தா காலையிலேயே அரிசியை ஊறப்போட்டு விட்டாராம். சிங்கித்துறையிலிருந்து வந்த இறாலை ஒவ்வொன்றாக உரித்து, நரம்பு எடுத்து, கழுவி, மசாலா வதக்கி வைத்திருக்கிறார். சாயங்காலம் அடுப்பு முன்னால் உட்கார்ந்தால் இரவுதான் எழுந்திருக்கிறார். நான் அங்கே இருக்கும்போதே ஓர் ஆள் வந்தார். ஒரு விசேஷத்துக்கு நூறு வாடா வேண்டுமாம். 'வீட்டில் செய்வதுதானே, ஒன்றுக்கு ஒரு ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று கேட்டார். ராத்தா மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டிவிட்டார். அவர் போனதும் நான் கேட்டேன், 'ஏன் சம்மதித்தீர்கள்?' என்று. 'அரிசிக்கு, தேங்காய்க்கு, இறாலுக்கு, எண்ணெய்க்கு, கேஸுக்கு எல்லாம் கணக்கு இருக்கு, தங்கச்சி. என் கைக்கு மட்டும் கணக்கில்லை' என்றார்."

ஒரு ரூபாய்தானே என்று தோன்றும். நூறு வாடாவுக்கு நூறு ரூபாய்! சாமானைக் குறைக்க முடியாது. குறைவது அந்தப் பெண்ணின் கூலிதான்.

"வீட்டில் செய்வதுதானே!"

இந்த வார்த்தையைத்தான் நான் குற்றம் சொல்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வாய் திறக்காத நாம், வீட்டு வாசலில் மட்டும் பேரம் பேசுகிறோம். ஆறிப்போன வாடாவுக்கு முழு விலை. சுடச்சுட வந்த வாடாவுக்குக் குறைந்த விலை! இது என்ன நியாயம்?

"விலை ஏறினால் ஏழை என்ன செய்வான்?" என்று சிலர் கேட்கலாம். ஏழை நாலு வாடா வாங்குகிறான். காசைக் கொடுத்துவிட்டுப் போகிறான். நூறு வாங்குகிறவர்தான் பேரம் பேசுகிறார். "வீட்டில் சுத்தமாக இருக்குமா?" என்பார் இன்னொருவர். நியாயமான கேள்வி. உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு தயாரிப்பாளர்களுக்கென்றே பதிவு முறை உண்டு. படித்த பிள்ளைகள் தங்கள் தெருப் பெண்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாமே! அது பெரிய உதவி.

இதே தூத்துக்குடி மாவட்டத்தில்தான் கோவில்பட்டி இருக்கிறது. அந்த ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயரைச் சொல்லி வேறு எவரும் விற்க முடியாதபடி சட்டம் காவல் நிற்கிறது. வாடாவுக்கும் ஊர் கூடி முயன்றால் என்ன?

நின்றுபோன தொழில்

ஒரு தொழில் நின்றுபோவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் இங்கே முத்துக்குளிப்பு நடந்தது. எடுத்த முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்போடு அந்தக் கதை முடிந்தது. சிப்பி குறைந்தது, தொழில் நின்றது. ஆனால் வாடாவுக்கு வேண்டிய அரிசியும் தேங்காயும் இறாலும் இன்னும் இருக்கின்றன. வாடா நின்றுபோனால் அந்தப் பழி கடலைச் சேராது, நம்மைத்தான் சேரும்.

காயல்பட்டினத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. திருமணம் ஆனாலும் பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். அதனால் உம்மாவின் கைப்பக்குவம் அதே கூரையின் கீழ் மகளுக்கு வந்து சேர்கிறது. இத்தனை காலம் வாடா பிழைத்தது அப்படித்தான்.

அந்த ராத்தாவுக்கும் ஒரு மகள் இருக்கிறாள். பள்ளியில் படிக்கிறாள். "நீயும் வாடா செய்யக் கற்றுக்கொள்வாயா?" என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். "உம்மா இத்தனை பாடுபட்டு என்ன மிச்சம்? நான் கணக்குப் படிக்கப் போகிறேன்" என்றாளாம்.

நன்றாகப் படிக்கட்டும்! படிப்பைவிடப் பெரிய சொத்து ஏது? ஆனால் உம்மாவின் தொழிலைப் பார்த்து, "இதில் மிச்சமில்லை" என்று ஒரு குழந்தை முடிவு கட்டும்படி செய்தது யார்? ஒரு ரூபாய் குறைத்துக் கேட்ட நாம்தான்.

ஊருக்குப் புறப்படும்போது அந்த வீட்டில் இருபது வாடா வாங்கினோம். கேட்ட விலையைக் கொடுத்தோம். ரயில் ஆறுமுகநேரி தாண்டுவதற்குள் பொட்டலம் பாதி காலி!

எந்த வாடா நல்ல வாடா என்று கேட்கிறீர்களா? காயல்பட்டினத்துக்குப் போய் நீங்களே தின்று பாருங்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள்.