சுவருக்கு விட்டுக்கொடுக்கும் கலவை

19ஆம் நூற்றாண்டில் சேலம் கலெக்டராக இருந்த பிரெட், இங்கிலாந்தின் வார்விக்‌ஷயரிலுள்ள கெனில்வொர்த் கோட்டையை மாதிரியாக வைத்து ஓசூரில் ஒரு மாளிகை கட்டினார். மனைவிக்காகக் கட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். பின்னாளில் அது இடிபாடாகிப் போனது. ஆனாலும் நம் வட்டாரத்தில் வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம் என்று பேச்செடுத்தால், அந்த மாளிகையைச் சொல்லி வருத்தப்பட்டுவிட்டுக் கலைந்துவிடுகிறோம்.

அதே வார்விக்‌ஷயரில் காம்ப்டன் வின்யேட்ஸ் என்றொரு செங்கல் மாளிகை இருக்கிறது. 1480களில் தொடங்கிய கட்டடம். இன்றும் உறுதியாக நிற்கிறது. முறுக்கிவிட்டது போன்ற புகைபோக்கிகளைத்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள். கட்டுமானக்காரர்கள் பார்க்க வேண்டியது செங்கற்களுக்கு இடையிலுள்ள இணைப்பை. கையால் அறுத்து விறகில் சுட்ட கல் ஒன்றுபோல இருக்காது. அந்த ஏற்ற இறக்கத்தைத் தடித்த சுண்ணாம்புக் காரை வாங்கிக்கொள்கிறது. சுவர் அசைந்தால் காரை இளகிக் கொடுக்கிறது. ஓதம் ஏறினால் அது காரை வழியே வெளியேறுகிறது. உப்பு பூத்தாலும் காரைதான் உதிரும், கல் உதிராது.

நம் நாட்டுச் செங்கல் வீடுகளின் சூத்திரமும் இதுதான். காவேரிப்பட்டினத்தில், தென்பெண்ணைக் கரையை ஒட்டிய பழைய தெருக்களில், சிமெண்ட் பாயிண்டிங் செய்த ஒரு சுவரைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சிமெண்ட் கோடுகள் எலும்பாகத் துருத்தி நிற்கும். இடையிலுள்ள கல் அரை விரல் உள்ளே போயிருக்கும். கரணை முனையால் தொட்டால் சிவப்புப் பொடி கொட்டும். ஓதத்துக்கு இணைப்பில் வழியில்லை, அதனால் கல்லுக்குள் புகுகிறது. கூடவே வந்த உப்பு கல்லின் முகத்துக்குப் பின்னால் இறுகி, முகத்தையே பெயர்த்துவிடுகிறது. வீட்டுக்காரர் "பழைய கல், மக்கிப்போச்சு" என்கிறார். கல்லின் மேல் குற்றமில்லை. பழுது பார்க்கப் போன நாம்தான் அதைக் கொன்றோம்.

தொழிற்சாலைக் கொட்டகைகளை வாரக்கணக்கில் எழுப்பிப் பழகிய ஊர் ஓசூர். சுண்ணாம்பு அந்த வேகத்துக்கு வராது. நீற்றி, ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைக்கும் வேலையை அறிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள் என்பதும் உண்மையே. அதற்காக வேலையே முடியாது என்பதை ஏற்க முடியாது. 2012இல் தீயில் எரிந்த சேப்பாக்கம் கலச மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்பிலேயே சீரமைத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இப்போது அங்கே இயங்குகிறது. அரசுத் துறையே செய்த வேலை அது.

ஆகவே நம் வாசகர்களிடம் வலியுறுத்துவது இது: மதிப்பீடு போடுவதற்கு முன் பழைய கலவையில் ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். விரலில் நொறுங்கினால் சுண்ணாம்பு. அதற்குமேல் சிமெண்ட் எழுதாதீர்கள். இணைப்பின் அகலத்தைப்போல் இருமடங்கு ஆழத்துக்குக் கையுளியால் சுரண்டுங்கள், கட்டிங் மெஷின் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். ஏற்கெனவே பூசிய சிமெண்ட் கல்லை இறுகப் பிடித்திருந்தால் வலிந்து பெயர்க்க வேண்டாம். தானாக விடும் இடத்தில் மட்டும் மாற்றுங்கள். புதுக் காரையை ஈரச் சாக்கு போட்டு நாள்கணக்கில் காயவிடுங்கள். கூலி கூடும். அந்தத் தொகையை மதிப்பீட்டில் தனி வரியாகவே காட்டி, காரணத்தை வீட்டுக்காரரிடம் நேரில் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி, ஓசூர் பகுதியில் சுண்ணாம்பு வேலை செய்தவர்கள், கலவை விகிதத்தையும் சுண்ணாம்பு வாங்கிய இடத்தையும் ஒரு மழைக்காலம் கடந்தபின் சுவர் இருக்கும் நிலையையும் எழுதி அனுப்புங்கள். சரியாக வராத வேலையையும் சேர்த்தே வெளியிடுவோம்.