பேர் பெரிசு, கால் ஏலாது

இறுதிப் போட்டிக்கு ஒரு கிழமை இருக்கேக்க ரசிகர்கள் கேட்கிற கேள்வி எப்பவும் ஒண்டுதான்: "அவர் விளையாடுவாரா?" நடுக்களம் களைச்சுப் போயிருக்கா, கடைசி அஞ்சு ஆட்டத்தில் ஆர் ஓடினது, ஆர் நடந்தது எண்டதெல்லாம் பிறகுதான். முதலில் அந்த ஒரு பெயர். அந்தப் பெயர் பதினொருவரில் இருந்தால் நிம்மதி. இல்லாட்டி பயிற்றுவிப்பாளருக்கு அர்ச்சனை.

எங்கட கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காயம் முழுசாக ஆறாத நட்சத்திரத்தை இறுதிப் போட்டியில் முதல் நிமிடத்திலேயே இறக்குவதை எல்லாரும் துணிச்சல் என்கிறார்கள். எங்களுக்கு அது பெரும்பாலும் பயமாகத்தான் தெரிகிறது. அவரை இறக்கித் தோற்றால் "என்ன செய்யிறது, சரிவரேல்லை" என்று விட்டுவிடுவார்கள். வெளியே இருத்தித் தோற்றால் ஆயுள் முழுக்கக் கேட்பார்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் பயிற்றுவிப்பாளர் பாதுகாப்பது அணியை இல்லை, தன்னை.

2014 சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியை எடுப்போம். லிஸ்பனில் ரியல் மட்ரிட்டும் அத்லெட்டிக்கோ மட்ரிட்டும். அதற்கு ஒரு கிழமைக்கு முதல்தான் அத்லெட்டிக்கோ பார்சிலோனாவின் மைதானத்திலேயே 1-1 என்று சமன் செய்து, 18 வருடங்களுக்குப் பிறகு லீக் கிண்ணத்தை எடுத்திருந்தது. அந்த ஆட்டத்தின் தொடக்கத்திலேயே டியகோ கொஸ்டா தொடைத் தசைக் காயத்தோடு வெளியே போனார். அந்தப் பருவம் லீக்கில் மட்டும் 27 கோல் போட்ட மனுசன். அவர் பெல்கிரேட்டுக்குப் போய் குதிரையின் நஞ்சுக்கொடியை வைத்துச் செய்யும் சிகிச்சை எடுத்ததாகக்கூட செய்திகள் வந்தன. கடைசியில் சிமியோனி அவரை இறக்கினார். ஒன்பதாவது நிமிடத்தில் கொஸ்டா வெளியே.

இதில் எல்லாரும் கதைக்கிறது கொஸ்டாவைப் பற்றித்தான். உண்மையான விலை வேறு இடத்தில் இருந்தது. அப்போது ஒரு அணிக்கு மூன்று மாற்று வீரர்கள் மட்டும்தான். அதில் ஒன்று பத்து நிமிடத்துக்குள் செலவாகிவிட்டது. கோடினின் கோலால் முன்னுக்கு நின்ற அத்லெட்டிக்கோவுக்கு 93ஆவது நிமிடத்தில் ராமோஸ் தலையால் அடித்தார். மேலதிக நேரம் வந்தபோது மாற்றுவதற்கு ஆளில்லை. வலது பின்களத்தில் ஹுவான்ஃபிரான் நொண்டிக்கொண்டே நின்றார். அந்தப் பக்கத்தால்தான் டி மரியா வெட்டிக்கொண்டு போய் அடித்தார். கோர்ட்டுவா தடுத்த பந்து பேலின் தலைக்கு வந்தது. முடிவு 4-1. அந்த இரவு அத்லெட்டிக்கோவிடம் குறைஞ்சது ஒரு ஜோடிக் கால்.

ஐந்து வருடம் கழித்து, 2019இல் அதே பாடம் மட்ரிட் நகரத்திலேயே நடந்தது. டொட்டன்ஹாமின் ஹரி கேன் ஏப்ரல் 9ஆம் திகதி கணுக்காலில் காயப்பட்டவர். அவர் இல்லாமலே அந்த அணி மான்செஸ்டர் சிற்றியைத் தாண்டியது. அரையிறுதியில் அயாக்ஸ் அணிக்கு எதிராக மொத்தக் கணக்கில் மூன்று கோல் பின்னுக்கு நின்றபோது, லூகாஸ் மூரா இரண்டாம் பாதியில் தனியாளாக மூன்று கோல் போட்டு, கடைசி நொடியில் இறுதிக்குக் கொண்டுபோனார். ஜூன் 1ஆம் திகதி பார்த்தால் கேன் உள்ளே, மூரா வாங்கில். ஏழு கிழமைக்கு மேலாக ஒரு போட்டிகூட ஆடாத ஒருவருக்கு முதல் ஆட்டமே ஐரோப்பாவின் மிகப் பெரிய ஆட்டம்!

சும்மா சொல்லக்கூடாது, எதிர்ப்பக்கமும் அதையேதான் செய்தது. லிவர்பூலின் ஃபிர்மினோவும் காயத்திலிருந்து அப்போதுதான் வந்தவர். ஆனால் யுர்கன் குளொப் அவரை 58ஆவது நிமிடத்தில் வெளியே எடுத்தார். உள்ளே வந்த ஒறிகி 87ஆவது நிமிடத்தில் இரண்டாவது கோலைப் போட்டார். கேன் மட்டும் கடைசி வரைக்கும் நின்றார். ஒருவரை எப்போது இறக்குவது என்று இரண்டு பேரும் முடிவெடுத்தார்கள். எப்போது எடுப்பது என்று முடிவெடுத்தவர் ஒருவர்தான்.

"அப்ப நட்சத்திரங்கள் வேண்டாமா?" என்று கேட்கலாம். வேணும். அதனால்தான் அவர்களை இறுதிப் போட்டிக்கு முந்தைய கிழமையில் இல்லை, முந்தைய மாதங்களில் காப்பாற்ற வேண்டும் என்கிறோம். இதை ஸிடேன் 2016-17 பருவத்தில் செய்து காட்டினார். ரொனால்டோவுக்கு அப்போது 32 வயது. ஒவ்வொரு ஆட்டமும் ஆட வேண்டும், ஒவ்வொரு நிமிடமும் நிற்க வேண்டும் என்று நினைக்கிற ஆள். அவரை உட்கார வைப்பது லேசான வேலை இல்லை. ஸிடேன் வைத்தார். லீக்கில் 38 ஆட்டங்களில் 29 மட்டும்தான் ஆடவிட்டார். ஏப்ரல், மே மாதங்களில் லெகானெஸ், கிகோன், டெபோர்ட்டிவோ, கிரனாடா ஆகிய நாலு அணிகளின் மைதானங்களுக்கும் ரொனால்டோ இல்லாமல் போனது ரியல் மட்ரிட். மொராட்டா, இஸ்கோ, ஹாமெஸ், அசென்சியோ போன்றவர்கள் ஆடிய அந்த நாலு ஆட்டத்திலும் வெற்றி. மொத்தம் 17 கோல்.

இதன் பலன் இரண்டு பக்கமும் கிடைத்தது. ரொனால்டோ புதுக்கால்களோடு வந்து, சம்பியன்ஸ் லீக்கில் காலிறுதியிலிருந்து இறுதி வரைக்கும் 10 கோல் போட்டார். வாங்கில் இருந்தவர்களோ "எங்களையும் நம்புகினம்" என்ற உணர்வோடு தயாராக இருந்தார்கள். லீக் கிண்ணமும் வந்தது, சம்பியன்ஸ் லீக்கும் வந்தது.

அந்த இறுதிப் போட்டி நடந்த இடம் கார்டிஃப், கரேத் பேலின் சொந்த ஊர். ஊர்ச்சனத்துக்கு முன்னால் ஆடுவது எந்த வீரனுக்கும் கனவு. ஆனால் அவர் காயத்திலிருந்து மீண்டு கொண்டிருந்தார். ஏப்ரலில் பார்சிலோனாவுக்கு எதிராக அவசரமாக இறக்கியபோது 39 நிமிடத்தில் வெளியே வர வேண்டியிருந்தது. ஸிடேன் அதை மறக்கவில்லை. இறுதிப் போட்டியைத் தொடங்கியது, நல்ல ஆட்டத்திறனில் இருந்த இஸ்கோ. பேல் 77ஆவது நிமிடத்தில் வந்தார். முடிவு யுவென்டஸுக்கு எதிராக 4-1. அடுத்த வருடம் கியேவ் இறுதிப் போட்டியிலும் பேல் வாங்கில்தான். 61ஆவது நிமிடத்தில் வந்தார், மூன்று நிமிடத்தில் அந்தரத்தில் பாய்ந்து தலைக்கு மேலால் உதைத்த கோல், பிறகு இன்னொன்று. வாங்கில் இருப்பது தண்டனை என்று நினைக்கிறவர்கள் அந்த அரை மணித்தியாலத்தைத் திரும்பப் பார்க்கலாம்.

எங்களுக்கு மிகவும் பிடித்த உதாரணம் 2022 உலகக் கிண்ணம். சவூதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்றுத் தொடங்கிய ஆர்ஜன்டீனாவை ஸ்கலோனி பெயர்களைப் பார்த்துத் திருத்தவில்லை, கால்களைப் பார்த்துத் திருத்தினார். லவுட்டாரோ மார்ட்டினெஸ் கணுக்கால் வலியோடு திணறிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆட்டத்திலிருந்து அந்த இடம் ஹூலியன் அல்வாரெஸுக்குப் போனது. அவர் அந்தத் தொடரில் 4 கோல் போட்டார். லவுட்டாரோ முகத்தைத் தூக்கிக்கொண்டு இருக்கவில்லை. நெதர்லாந்துக்கு எதிரான காலிறுதியில் வெற்றியை உறுதிப்படுத்திய பெனால்டி அவருடையது.

டி மரியாவின் கதை இன்னும் நுணுக்கமானது. 2014 உலகக் கிண்ண இறுதியைக் காயத்தால் தவறவிட்டவர் அவர். 2022இலும் இடையில் தொடைத் தசை தொந்தரவு கொடுத்தது. அவுஸ்திரேலியாவுக்கு எதிராக இறங்கவில்லை. நெதர்லாந்துக்கு எதிராக மேலதிக நேரத்தின் கடைசியில் கொஞ்ச நிமிடம். அரையிறுதியில் இல்லவே இல்லை. ஆட்டம் கையில் இருந்தபோதும் ஸ்கலோனி அவரைத் தொடவில்லை. இறுதியில் பிரான்ஸ் எதிர்பாராத இடது பக்கத்தில் இறக்கினார். முதல் பெனால்டியை வாங்கித் தந்தது அவர், இரண்டாவது கோலைப் போட்டதும் அவர். 64ஆவது நிமிடத்தில் வெளியே எடுத்தார்.

அவர் போன பிறகுதானே எம்பாப்பே ரெண்டு கோல் போட்டு ஆட்டத்தைத் திருப்பினவர், எடுத்தது பிழை எண்டு இப்பவும் வாதாடுகிற ஆட்கள் இருக்கினம். வாதம் விளங்குது. ஆனால் அந்த 64 நிமிடம் கிடைத்ததே அவரைச் சேமித்து வைத்ததால்தான். அதற்குமேல் கேட்டிருந்தால், தொடையைப் பிடித்துக்கொண்டு அவர் புல்லில் இருப்பதைப் பார்த்திருப்போம். கொஸ்டாவும் காயத்தோடு வந்தவர், டி மரியாவும் காயத்திலிருந்து வந்தவர். ஒருவருக்கு ஓய்வும் திட்டமும் இருந்தது, மற்றவருக்கு ஒரு கிழமையும் நம்பிக்கையும் மட்டும்தான்.

இப்போது ஐந்து மாற்று வீரர்களுக்கு அனுமதி இருக்கிறது. மேலதிக நேரத்துக்குப் போனால் இன்னுமொருவர். சிமியோனிக்கு இல்லாத வசதி இது. அதனால் "அவரை விட்டால் ஆளில்லை" என்று சொல்கிற பயிற்றுவிப்பாளர், பருவம் முழுக்க மற்றவர்களுக்கு ஆட்டம் கொடுக்கவில்லை என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். வாங்கில் இருப்பவன் இறுதிப் போட்டி அண்டைக்குத் திடீரெண்டு வீரனாக மாட்டான்.

இதை நடுச்சாமம் தொலைக்காட்சிக்கு முன்னால் கதைக்கிற கதை என்று விட்டுவிடவும் ஏலாது. எங்கட ஊர்களில் விளையாட்டுக் கழகங்கள் நடத்துகிற சுற்றுப்போட்டிகளைப் பாருங்கோ. காலிறுதி, அரையிறுதி, இறுதி எல்லாம் சில நாட்களுக்குள் முடிந்துவிடும். வாங்கில் வைத்தியரும் இல்லை, பிசியோவும் இல்லை. கணுக்கால் வீங்கின பெடியனுக்கு ஸ்பிரே அடிச்சு, பன்டேஜ் சுத்தி, "இண்டைக்கு மட்டும் சமாளி மச்சான்" என்று இறக்குவார்கள். கேனுக்கு ஒரு வைத்தியக் குழுவும் அடுத்த பருவமும் இருந்தது. இவனுக்குத் திங்கட்கிழமை வேலை இருக்கு. முழங்கால் போய் இருபத்திரண்டு வயதில் பந்தை விட்டவர்கள் இல்லாத ஊர் குறைவு. கிண்ணம் கழகத்தின் அலுமாரியில் இருக்கும். நொண்டல் அவனோடு இருக்கும்.

ஆகவே அடுத்த இறுதிப் போட்டிக்கு முதல், அது லண்டன் கழகமாக இருந்தாலும் பக்கத்து ஊர்க் கழகமாக இருந்தாலும், "அவர் விளையாடுவாரா?" என்பதை விட்டுவிட்டு மூன்று கேள்வி கேட்போம். அவரிட்ட எத்தனை நிமிடம் இருக்கு? அது முடியேக்க உள்ளுக்கு வாறது ஆர்? அந்த ஆளுக்கு இந்தப் பருவத்தில் எத்தனை ஆட்டம் குடுத்தனீங்கள்? மூன்றுக்கும் பதில் வைத்திருக்கும் பயிற்றுவிப்பாளர் தோற்றாலும் நாங்கள் ஏச மாட்டோம்.