குறியற்ற சிலிண்டர் தலை

பழைய டிராக்டர் ஒன்றை மீண்டும் ஓடச்செய்ய விழைவோர், அதன் சிலிண்டர் தலையில் வார்ப்பு எண் காணப்படாவிடில், தோற்றத்தைக் கொண்டே அதன் வகையை ஊகித்துவிடுகின்றனர். இவ்வழக்கம் கைவிடப்படவேண்டும் என்பது என் கருத்து. (மொழிபெயர்ப்பில் நான் ‘உருளைத் தலை’ என்று எழுதுவதைப் பட்டறையில் ‘ஹெட்டு’ என்பர், இங்கு இடைப்பட்ட சொல்லையே ஆள்கிறேன்.)

இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை உற்பத்தியான பெர்குசன் டி.இ.20 டிராக்டரை எடுத்துக்கொள்வோம். பெட்ரோலில் ஓடுவதும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடுவதும் அதில் உண்டு. இரண்டின் எஞ்சின்களும் புறத்தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றே. பின்னதில் அழுத்த விகிதம் குறைவு. அன்றியும், 85 மி.மீ. விட்டமும் 92 மி.மீ. வீச்சும் உடைய அதே குடும்ப எஞ்சின், முற்காலத்தில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு வான்கார்டு காரிலும் இடம்பெற்றது. காரின் விகிதமோ டிராக்டருடையதினும் உயர்ந்தது. ரேணிகுண்டாவில் பழைய டிராக்டர் வைத்திருப்பவர் உதிரிப்பாகத்துக்கு அண்மையிலுள்ள சென்னையை நாடுவது இயல்பு. அவர் கைக்கு எத்தலை வந்து சேரும் என்று யார் கூறவல்லார்?

மண்ணெண்ணெய் எஞ்சினில் உயர்ந்த அழுத்தத் தலையைப் பொருத்தினால் வெடிப்புத் தட்டல் உண்டாகிப் பிஸ்டன் பழுதுறும். மாறிப் பொருத்தினால் ஆற்றல் குன்றி எரிபொருள் வீணாகும், அவ்வளவே.

ஐயத்தைத் தீர்க்கும் வழி எளிது. வால்வுகளையும் தீப்பொறிச் செருகியையும் பொருத்திய தலையைக் கவிழ்த்து மட்டமாக வைக்கவேண்டும். எரியறையின் விளிம்பில் கிரீஸ் தடவி, துளையிட்ட ஒளிபுகு தகட்டால் மூடி, அளவுக்குழாயிலிருந்து மெல்லிய எண்ணெயைத் துளை வழியே நிரம்பும்வரை விடவேண்டும். மேற்கூறிய எஞ்சினில் ஒரு சிலிண்டரின் வீச்சுக் கொள்ளளவு 522 கன செ.மீ. பிஸ்டன் உச்சியில் நிற்கையில் எஞ்சும் இடம், காஸ்கெட்டின் பருமன் உள்பட, 104 கன செ.மீ. ஆயின் விகிதம் ஏறத்தாழ 6; 130 ஆயின் 5. இவ்வேறுபாடு இரண்டு மேசைக்கரண்டிக்கும் குறைவு; கண்ணால் மதிப்பிடத்தக்கதன்று. பிஸ்டனின் மேற்புறம் தட்டையாக இல்லாவிடினும், பாளத்தின் மட்டத்துக்குத் தாழ நின்றாலும், அவ்விடத்தையும் அளந்து கணக்கிற் சேர்க்கவேண்டும்.

வார்ப்பு எண் இருந்தால் இத்துணை உழைப்பு எதற்கு என்று வினவலாம். எண் அத்தலை எவ்வாறு பிறந்தது என்பதை மட்டுமே தெரிவிக்கும். வளைந்த தலையைப் பல முறை கடைந்து சமப்படுத்தியிருப்பர். ஒவ்வொரு முறையும் அறை சுருங்கி விகிதம் உயரும். பழம் பொறிகளைப் பேணும் காட்சிச்சாலைகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் எண் உள்ள தலையையும் இவ்வாறே அளக்கவேண்டும். அளந்த கொள்ளளவையும் ஆண்டையும், காஸ்கெட் படியாத புறத்தில், மழுங்கிய உளிமுத்திரையால் ஆழமின்றிப் பதித்துவிட்டால் அடுத்துப் பிரிப்பவர் மீண்டும் ஊகிக்க நேராது.