திருப்பதி முதல் திருவண்ணாமலை வரை: மழை பெய்தால் மலை ஏன் சரிகிறது?

2021 டிசம்பர் 1, அதிகாலை. திருமலைக்கு ஏறும் இரண்டாவது மலைப்பாதையில் ராட்சதப் பாறைகள் உருண்டு விழுந்து சாலையை உடைத்தன. உயிரிழப்பு இல்லை. மூடப்பட்ட பாதை 2022 ஜனவரியில்தான் மீண்டும் திறந்தது.

சரியாக மூன்று வருஷம் கழித்து, 2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் வீடுகள் மேல் சரிந்தன. 7 பேர் பலி.

இரண்டுக்கும் காரணம் மழைதான். ஆனால் ஆபத்துன்னா சாலையை மூடிடலாம். வீட்டை எப்படி மூடுறது?

கெட்டியான பாறை எப்படி விழும்?

திருமலையின் மேல்பகுதி குவார்ட்சைட் பாறை. அது பழைய கிரானைட் மீது படிந்திருப்பதை மலைப்பாதையிலேயே பார்க்கலாம்; அந்த இடம் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். குவார்ட்சைட் உறுதியானதுதான், ஆனால் விரிசல்கள் அதிகம். தொடர் மழையில் விரிசலுக்குள் தண்ணீர் தேங்கினால் அழுத்தம் கூடும், பிடிமானம் குறையும். சாலைக்காகச் சரிவை வெட்டிய இடத்தில் கீழே தாங்கலும் இருக்காது. அப்புறம் பாறை நகர ஒரு கனமழை போதும்.

தடுக்க முடியுமா?

ஓரளவு முடியும். தளர்ந்த பாறைகளை முன்கூட்டியே அகற்றலாம். மற்றவற்றை இரும்புக் கம்பிகளால் பிணைத்து, வலை போடலாம். முக்கியமானது வடிகால்: தண்ணீர் உள்ளே தேங்காமல் வெளியேறணும். 2021 சரிவுக்குப் பிறகு திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஐஐடி நிபுணர்களை வரவழைத்து மலைப்பாதையை ஆய்வு செய்தது.

மலையடிவாரக் குடியிருப்புகளுக்கு?

சாலைக்குப் பொறுப்பேற்க ஓர் அமைப்பு இருக்கு. குடியிருப்புகளுக்கு அப்படி ஒருவர் இல்லை. இந்தியப் புவியியல் ஆய்வு மையம் 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையத்தைத் தொடங்கியது. ஆனால் முதற்கட்ட அறிவிப்புகள் டார்ஜிலிங், கலிம்போங், நீலகிரிக்குத்தான். திருவண்ணாமலை, திருப்பதி மாதிரி ஊர்கள் 'நிலச்சரிவு ஊர்' என்று யார் மனதிலும் பதிவதில்லை.

உள்ளாட்சிகள் செய்ய வேண்டியது பெரிய ரகசியம் இல்லை: சரிவு அபாயப் பகுதிகளை வரைபடத்தில் குறிப்பது, அங்கே கட்டட அனுமதியை நிறுத்துவது, எவ்வளவு மழை பெய்தால் மக்களை வெளியேற்றணும் என்று முன்பே முடிவு செய்வது. ஏற்கெனவே அங்கே வசிப்பவர்களுக்கு, வேலைக்குப் போய்வரும் தூரத்தில் மாற்று வீடு தருவது. இல்லாட்டி அவர்கள் திரும்பவும் அங்கேதான் வருவார்கள்.

நீங்க மலையடிவாரத்தில் மனை பார்க்கிறீங்களா? பத்திரத்தோடு சேர்த்து, மேலே சரிவு எப்படி இருக்கு, ஓடை எந்த வழியாக இறங்குது என்றும் பாருங்க. சுவரில் புது விரிசல், சாயும் மின்கம்பம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று நீர் தெரிந்தால், மழை நிற்கட்டும் என்று காத்திருக்காமல் வெளியேறிடுங்க.