'சரிங்க சார்' சொல்ல எத்தனை மொழி வேண்டும்?

படப்பையில் ஷிப்ட் பஸ் ஏறினால் ஒரே மாவட்டத்துக்குள் பல நாட்டு முதலாளிகளின் கேட்டில் இறங்கலாம். ஒரகடத்தில் ஜெர்மனியின் டெய்ம்லர், பிரான்சின் ரெனோ. வல்லம் வடகாலில் ஜப்பானின் யமஹா. இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய். சுங்குவார்சத்திரத்தில் தைவானின் ஃபாக்ஸ்கான். ஆகவே, "ஒரு வெளிநாட்டு மொழி கற்றுக்கொள், மேலே போகலாம்" என்று தொழிற்பயிற்சி முடித்து வரும் பெண்களுக்கு அறிவுரை சொல்கிறார்கள். கற்கட்டும். மொழி கற்பதற்கு எதிராக நான் எழுதவில்லை. எந்தச் சொற்களைக் கற்றுத் தருகிறீர்கள், தேர்ச்சி என்று எதை அளக்கிறீர்கள், அந்த அளவுகோலை யாருக்கு வைக்கிறீர்கள் என்பவையே என் கேள்விகள்.

முதலில் சொற்கள். 10 ஆண்டுகளில் 30,000 பேருக்கு ஜப்பானிய முறையில் தொழிற்பயிற்சி தருவதென்று 2016 நவம்பரில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. அதன்படி 2017இல் தொடங்கிய முதல் நான்கு பயிற்சி நிலையங்களில் யமஹாவின் சென்னைப் பள்ளியும் ஒன்று. ஆலைப் பயிற்சிக்குப் போன பெண்ணுக்கு '5எஸ்' தெரியாமல் இருக்காது. செய்ரி, செய்தொன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. வேண்டாததைக் கழி. எடுத்ததை எடுத்த இடத்தில் வை. பெருக்கித் துடை. தினமும் அப்படியே செய். யாரும் சொல்லாமலே ஒழுங்காக நட. இதில் எது நமக்குப் புதிது? பாவாடை கட்டிய நாளிலிருந்து வீட்டில் கேட்டு வளர்ந்தது தானே? ஆண் தொழிலாளிக்கும் இதே பாடம்தான். அவனுக்கு அது புதுப் பாடம், நமக்கு இரண்டாம் சுற்று.

அதே ஜப்பானிய முறையில் 'அந்தோன்' என்றும் ஒரு சொல் உண்டு. டொயோட்டா ஆலைகளால் உலகறிந்த ஏற்பாடு அது. வண்டியில் குறை தெரிந்தால் லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், குறை தீராவிட்டால் லைன் நிற்கும். பொருளில் குறை என்றால் நிறுத்த உரிமை உண்டு. சோற்றில் குறை என்றால்? கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்றால்? சூப்பர்வைசரின் கை நம் தோளுக்கு வந்தால்? அதற்கான கயிறு எந்தப் பாடத்தில் இருக்கிறது?

அடுத்து அளவுகோல். ஜப்பானுக்குத் தொழிலாளர்களை அனுப்பும் 'குறிப்பிட்ட திறன்' ஒப்பந்தம் 2021 ஜனவரியில் கையெழுத்தானது. இதில் போக என்4 நிலை ஜப்பானியமோ, அதற்கு இணையான அடிப்படைத் தேர்வோ, கூடவே தொழில் தேர்வும் வேண்டும். முதியோர் பராமரிப்புக்குப் போகிறவர்கள் இன்னொரு மொழித் தேர்வும் எழுத வேண்டும். அதில் 15 கேள்விகள்: பராமரிப்புச் சொற்களில் 5, முதியவரிடம் பேசும் பேச்சில் 5, பணிக் குறிப்புகளில் 5. முடியாதவர்களிடம் கனிவாகப் பேசத் தெரிய வேண்டும் என்பது நியாயம். ஆனால் "ஓவர்டைம் கணக்கைக் காட்டுங்கள்", "என் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுங்கள்", "என்னைத் தொடாதீர்கள்" ஆகியவையும் பராமரிப்பு வேலையில் வேண்டிய மொழிதானே? இவற்றுக்கு அந்த 15இல் இடம் எங்கே? பிறர் உடலைப் பேணும் சொற்களுக்கு மதிப்பெண் உண்டு, தன் உடலைக் காக்கும் சொற்களுக்கு இல்லை. பெண் உழைப்பைப் பற்றிய பழைய எண்ணம்தான் இங்கே தேர்வுத் தாளாகி இருக்கிறது.

நம் ஐடிஐகளின் 'வேலைவாய்ப்புத் திறன்' பாடத்தில் அடிப்படை ஆங்கிலமும் உண்டு, சட்ட அறிவும் உண்டு. ஆனால் இரண்டும் வேறு வேறு பகுதிகள். ஆங்கில வகுப்பில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளக் கற்கும் பெண், தான் கையெழுத்திடப்போகும் ஆங்கில ஒப்பந்தத்தை அங்கேயே ஏன் வாசித்துப் பார்க்கக் கூடாது? தொழிற்பழகுநர் சட்டம், 1961, 18ஆம் பிரிவின்படி பழகுநர் 'பயிற்சி பெறுபவர்'தான், 'தொழிலாளி' அல்ல. இந்த ஒரு சொல் வித்தியாசத்தில் எத்தனை உரிமை போகிறது என்பதைப் புரிந்துகொள்வதே முதல் மொழித் தேர்ச்சி.

"மொழி தெரியாததால்தான் பெண்கள் கீழேயே இருக்கிறார்கள்" என்பவர்களுக்கு 2021 டிசம்பரை நினைவூட்ட வேண்டும். ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகளின் கதி என்னவென்று தெளிவான பதில் கிடைக்கவில்லை, இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் விதிகளின்படி இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்தப் பெண்கள் கேட்டது தமிழில். தமிழ்நாட்டில், தமிழில் கேட்டதற்குப் பதில் வாங்கச் சாலையை மறிக்க வேண்டியிருந்தது என்றால், மொழித் தேர்ச்சி குறைந்தவர் யார்?

மேலே போக உதவும் மொழி வகுப்புகள் இல்லாமல் இல்லை. சென்னையில் ஜப்பானியம், கொரியன், ஜெர்மன் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பவள், இத்தனை மணிக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டியவள், வீட்டுக்குப் போனால் அடுப்படியில் இன்னொரு ஷிப்ட் பார்ப்பவள், எந்த நேரத்தில் அங்கே போவாள்? நேரம் தராமல் சான்றிதழ் கேட்கும் தகுதி விதி, பெண்ணை வெளியே போ என்று சொல்லாமலே வெளியே நிறுத்திவிடும்.

மொழி யார் பொறுப்பு என்பது சட்டம் அறியாத விஷயமல்ல. ஆலை அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு. பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, எழுத்தில் புகார் தர முடியாத பெண்ணுக்கு அதை எழுத உதவுவது புகார்க் குழுவின் கடமை என்கிறது. எழுதத் தெரியாதது அவள் குற்றமில்லை, கேட்க வேண்டியது நிறுவனத்தின் வேலை என்பதுதான் இதன் பொருள். தகுதி விதிகளை எழுதுகிறவர்கள் இதை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

ஐரோப்பிய மொழிச் சட்டகம் ஏ1 முதல் சி2 வரையுள்ள நிலைகளை 'இன்னது செய்ய முடியும்' என்ற வாக்கியங்களால் அளக்கிறது. நாமும் அப்படியே எழுதுவோம். சம்பளச் சீட்டில் பிடித்த தொகைக்குக் காரணம் கேட்க முடியும். இயந்திரத்தில் கை மாட்டும் என்று சொல்லி வேலையை நிறுத்த முடியும். மாதவிடாய் வலிக்கு ஓய்வு கேட்க முடியும். புரியாத தாளில் கையெழுத்துப் போட மறுக்க முடியும். எந்த மொழியைக் கற்பித்தாலும் தொடக்க நிலையிலேயே இவை இருக்கட்டும். வகுப்பு வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு நடக்கட்டும்.

அளவுகோல் மேலேயும் போகட்டும். இங்கே பெண்களிடம் வேலை வாங்கும் வெளிநாட்டு மேலாளருக்கு ஏ1 தமிழ் கட்டாயமா? ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்து நம்மோடு லைனில் நிற்கும் பெண்களின் மொழியில் புகார் வாங்க ஆள் உண்டா? 'பெரும்பான்மையின் மொழி' என்று சொல்லி அவர்களை நாமும் கைவிடக் கூடாது.

அடுத்த முறை பாடத்திட்டக் குழு கூடும்போது லைனில் நிற்கும் பெண்கள் சிலரை அந்த மேசையில் உட்கார வையுங்கள். எந்த வாக்கியம் தெரியாமல் எந்த இடத்தில் தவித்தார்கள் என்று அவர்கள் சொல்வார்கள். பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.