கணக்குக் கேட்பது பாவமா?

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்பது கொடுப்பவனின் தற்பெருமையை அடக்க எழுந்த முதுமொழி. ஈழத்துத் தரும தாபனங்கள் பல அதனை வாங்குபவனின் கேடயமாக மாற்றிவிட்டன. கோயிற் பரிபாலன சபையாயினும், அநாதை இல்லமாயினும், ஊர் வாசிகசாலையாயினும், வரவுசெலவை வினவுபவன் குழப்பக்காரன் எனப்படுகிறான். கொடுத்தபின் கேட்பது பாவம் என அவனுக்குப் போதிக்கப்படுகிறது. போதிப்போர் யாரெனின், பெரும்பாலும் பெட்டகச் சாவியை வைத்திருப்போரே.

கணக்குக் கேட்பது மேனாட்டார் பழக்கம் என்பாரும் உளர். அவர்க்கு ஆறுமுக நாவலரை நினைவூட்டினாற் போதும். 1870களில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் நிருவாகத்தை வெளிப்படையாகக் கண்டித்துத் துண்டுப் பிரசுரம் வெளியிட்டவர் அவர். 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது யாழ்ப்பாணத்திற் கஞ்சித்தொட்டித் தருமத்தை முன்னின்று நடத்தியவரும் அவரே. கேட்பவன் கொடாதவன் என்னும் வழக்கமான வசையை அவர்மீது எறிதல் இயலுமோ?

சட்டமும் இவ்விடயத்தில் ஊமையாக இல்லை. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, பொறுப்பாளர் செவ்வையாகக் கணக்கு வைத்திருத்தல் வேண்டும். பொறுப்புச் சொத்தினால் தமக்கு இலாபம் தேடலாகாது. பொதுத் தருமமொன்றில் அக்கறையுடைய ஐவர் ஒன்றுசேரின் மாவட்ட நீதிமன்றில் வழக்குத் தொடரலாம் என 101ஆம் பிரிவு கூறுகிறது. சமயத் தாபனமாயின், 102ஆம் பிரிவின்கீழ் முதலில் அரசாங்க அதிபருக்கு மனுச் செய்தல் வேண்டும். ஓர் ஊரில் ஐவர் கிடையாரா? கிடைப்பர். ஆயின் வழக்கறிஞர் கட்டணமும், தவணைமேல் தவணையாக நீளும் ஆண்டுகளும், கோயிலைக் கோட்டுக்கு இழுத்தவர்கள் என்ற ஊர்ப்பழியும் அவ்வைவரையும் கலைத்துவிடுகின்றன.

அரசு பார்த்துக்கொள்ளும் எனச் சிலர் அமைதி கொள்வர். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் தன்னார்வ சமூக சேவை அமைப்புகளின் பதிவுக்கும் மேற்பார்வைக்கும் வழிசெய்தது. 1998ஆம் ஆண்டுத் திருத்தம், மோசடி விசாரணைக்குள்ளாகும் அமைப்பொன்றுக்கு இடைக்கால முகாமைச் சபையை நியமிக்கவும் இடமளித்தது. இவையாவும் அமைச்சரை நோக்கி நிற்பவை. உண்டியலிற் காசு போட்ட கிழவியை நோக்கி நிற்பவையல்ல. கோப்பு கொழும்பில் இருக்க, கொடுத்தவள் கிளிநொச்சியில் இருக்கிறாள். மேலும், அரசு அவ்வதிகாரத்தைப் பண மோசடியைத் தேட மாத்திரமே பயன்படுத்தும் என வடக்குக் கிழக்கில் எவரும் எளிதில் நம்பார்.

ஆகவே கணக்கு அதிகாரிக்கு முன்னர் ஊருக்குக் காட்டப்படல் வேண்டும். புலம்பெயர்ந்த உறவினர் சுவிற்சர்லாந்திலும் கனடாவிலும் இரவுவேலை செய்து அனுப்பும் பணம் ஊர்ப் பாடசாலைகளையும் கோபுரங்களையும் எழுப்புகிறது. பலருக்குக் கைம்மாறாகக் கிடைப்பது ஒரு திறப்புவிழாப் புகைப்படம். புகைப்படம் பற்றுச்சீட்டாகாது. ஆண்டுதோறும் குறித்த நாளிற் பொதுக்கூட்டம், கணக்காய்வு செய்யப்பட்ட வரவுசெலவு அறிக்கை வாயில் மதிலிலே தமிழில், தலைவரின் மைத்துனரல்லாத ஒரு கணக்காய்வாளர், மூன்றாண்டுக்கு மேல் நீடிக்காத தனாதிகாரி: இவற்றுக்குப் பாராளுமன்றச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. யாப்பிலே நான்கு வரி சேர்த்தாற் போதும். கிணற்றுக்கெனச் சேர்த்த பணத்தைத் தேருக்குச் செலவிடலாகாது என்பதை ஐந்தாவது வரியாக்கலாம். இத்தவறு பக்தியின் பெயரால் நிகழ்வதாற் குற்றமெனவே எவரும் கொள்வதில்லை.

இத்தனை கெடுபிடி செய்தாற் பொதுப்பணிக்கு எவர் முன்வருவார் என்பது இறுதியாக எழும் மறுப்பு. கணக்கெழுதும் சிரமத்துக்கு அஞ்சுவோருக்குக் கணக்குப் படித்த இளைஞர் ஒருவரை உதவிக்கு அமர்த்திக் கொடுக்கலாம். கணக்கைக் காட்ட அஞ்சுவோர் தாராளமாக விலகிக்கொள்ளட்டும். விலகுமுன் பெட்டகச் சாவியையும் வங்கிப் புத்தகத்தையும் பொதுக்கூட்டத்தில் ஒப்படைத்துச் செல்லல் வேண்டும்.