குடம் ஏந்திய சிலையும் பூட்டிய கழிப்பறையும்

எங்கள் ஊர்ப் பூங்காவின் வாசலில் குடம் ஏந்திய பெண் சிலை ஒன்று நிற்கிறது. அதுதான் நம் பண்பாடாம். உள்ளே பெண்களுக்கான கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. சாவி யாரிடம் என்று கேட்டேன். காவலருக்கே தெரியவில்லை. மழை பெய்தால் நடைபாதை முழுக்கத் தண்ணீர் நிற்கிறது. தரை முழுவதும் கல் பதித்த பிறகு அது எங்கே இறங்கும்?

மண்டபத் தூண் ஒன்று, சிலை ஒன்று, திறப்பு விழாக் கல்வெட்டு ஒன்று. பண்பாட்டில் வேரூன்றிய பொதுவெளி என்று இதைத்தான் நமக்குக் காட்டுகிறார்கள். இதை வேர் என்று நான் ஒப்பமாட்டேன். இது ஒப்பனை.

வேர் என்றால் என்ன என்று என் மாணவிகள் கேட்டால், தாய்லாந்தின் நிலவெளி வடிவமைப்பாளர் கொச்சகோர்ன் வோராகோமைச் சொல்வேன். பாங்காக்கில் வளர்ந்தவர். சூலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்திலும் ஹார்வர்டிலும் படித்தவர். 2011 பெருவெள்ளத்தில் வீட்டை விட்டு வெளியேறிய லட்சக்கணக்கானோரில் அவர் குடும்பமும் ஒன்று. கால்வாய்களைத் தூர்த்துச் சாலை போட்ட நகரத்துக்கு என்ன நேரும் என்பது அவருக்கு ஏட்டறிவு மட்டுமல்ல, பட்டறிவு.

அவர் வடிவமைத்த சூலாலங்கோர்ன் நூற்றாண்டுப் பூங்கா 2017இல் திறக்கப்பட்டது. நகரின் நடுவே, வணிக வளாகம் எழும்பியிருக்கக்கூடிய 11 ஏக்கர். அந்த நிலத்தை அவர் 3 டிகிரி சாய்த்தார். மேட்டுப் பக்கத்தின் பசுங்கூரையில் விழும் மழை, ஓரங்களிலுள்ள சதுப்புத் தாவரங்களின் ஊடே வடிந்து, தாழ்வான பக்கத்துக் குளத்தில் சேர்கிறது. சுமார் 10 லட்சம் கேலன் தண்ணீரை அந்தப் பூங்கா தாங்கிக்கொள்ளும். குரங்கு வாழைப்பழத்தைக் கன்னத்தில் அடக்கிவைத்துப் பிறகு தின்பதுபோல, வெள்ளத்தைத் தேக்கி மெல்ல விடும் முறைக்குத் தாய்லாந்தில் 'குரங்குக் கன்னம்' என்றே பெயர். 2019இல் தம்மசாத் பல்கலைக்கழகக் கட்டடத்தின் மேல் 22,000 சதுர மீட்டரில் அவர் அமைத்த கூரைப் பண்ணையும் மலையடுக்கு நெல்வயலின் படிவரிசையைப் பின்பற்றியதுதான். வாசலில் சிலை நிறுத்தி இதைச் செய்ய முடியாது. தண்ணீரோடு வாழத் தெரிந்த அறிவைத்தான் அவர் பண்பாடாக எடுத்துக்கொண்டார்.

ஆனால், வேர் என்ற சொல்லைக் கேட்டதும் நாம் மயங்கிவிடக் கூடாது. 1927 மார்ச் 20 அன்று மகாடு சவுதார் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். நகராட்சி அனைவருக்கும் திறந்துவிட்ட குளம்தான் அது. சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் குடம் குடமாக ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். அவர்களும் அதைப் பண்பாடு என்றுதான் சொன்னார்கள்.

ஆகவே, முன்னோரிடமிருந்து நீரறிவை எடுத்துக்கொள்வோம், தீட்டை வீசுவோம். எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே என் சண்டை. குடம் சுமந்து இடுப்பொடிந்தவளும் பூங்காவைக் கூட்டிப் பெருக்குபவளும் அங்கே இல்லையென்றால், வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அவர்களுக்கானதல்ல.

தோழிகளே, நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்த இலக்கணத்தைப் படித்தவர்கள் நீங்கள். அந்தப் படிப்பை வகுப்பறையிலேயே விட்டுவிடாதீர்கள். அடுத்த பூங்காத் திறப்பு விழாவில் யாராவது பண்பாடு என்று முழங்கினால், எழுந்து நின்று இரண்டே கேள்விகள் கேளுங்கள். மழைத் தண்ணீர் எங்கே போகும்? கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது?